குளத்தில் கூடு வேண்டாம், நல்ல குஞ்சு தாருங்கள்

நன்னீர் மீன்வளர்ப்புக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் மீன்பிடியாளர் சங்கக் கட்டடத்தில் நீங்கள் கூட்டிய கூட்டத்தில் நோர்வேயின் சால்மன் மீன் பண்ணைகளைத் திரையில் காட்டினீர்கள். அதுபோல எங்கள் குளத்திலும் வலைக்கூடு போட்டு, அதற்குள் தீவனம் கொடுத்து மீன் வளர்க்கலாம் என்றீர்கள். கேள்வி கேட்க எழுந்தவர்களிடம் நேரமில்லை என்று சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறினீர்கள். அன்று சொல்ல முடியாமற்போனதை இங்கே எழுதுகிறேன். கூடு வேண்டாம். நல்ல மீன்குஞ்சை உரிய காலத்தில் தாருங்கள்.

கடைசியாகக் குஞ்சு விட்ட நாளை நீங்கள் மறந்திருக்கலாம், நாங்கள் மறக்கவில்லை. விடியற்காலையில் வருவதாகச் சொன்ன லொறி உச்சி வெயிலில் வந்தது. பொலித்தீன் பைகளைத் தொட்டால் உள்ளே தண்ணீர் சூடேறியிருந்தது. பையைக் குளத்தில் சற்று நேரம் மிதக்கவிட்டு, இரண்டு நீரும் ஒரே சூட்டுக்கு வந்த பின்பே வாயை அவிழ்க்க வேண்டும் என்று எங்களுக்குப் படிப்பித்தவர்கள் நீங்கள்தாம். அன்று படம் எடுக்கும் அவசரத்தில் பைகளை அப்படியே கவிழ்த்தார்கள். பின்னேரம் அலைகரை நெடுகிலும் செத்த குஞ்சுகள் ஒதுங்கிக் கிடந்தன. பிழைத்தவையும் நகத்தளவு, விரால் விட்டுவைக்குமா? மிச்சத்தை மாரி கொண்டுபோனது. ஐப்பசியில் விடாதீர்கள், குளம் நிரம்பி வான் பாய்ந்தால் குஞ்சும் வெள்ளத்தோடு போய்விடும், மழை ஓய்ந்து தையில் தாருங்கள் என்று சங்கம் முன்கூட்டியே எழுதியிருந்தது. அந்தக் குஞ்சுக்கு உறுப்பினர்கள் பணம் கட்டியிருந்தார்கள். நகையை அடகு வைத்துக் கட்டியவர்களும் அவர்களில் உண்டு. அடுத்த மாரிவரை, விட்ட கெண்டை மீன்களான கட்லாவோ ரோகுவோ வலையில் படவில்லை. நகைகள் இன்னும் அடகில்தான் இருக்கின்றன.

திலாப்பியா தானாகப் பெருகும். 1952இல் இலங்கைக்கு வந்த மீன் அது; இன்று எங்கள் சோற்றுக்கு அதுதான் துணை. கட்லாவும் ரோகுவும் அப்படியல்ல, தேங்கிய குளத்து நீரில் அவை இனம் பெருக்குவதில்லை. நன்னீர் இறாலின் குஞ்சுப் பருவத்துக்கு உவர்நீர் வேண்டும். ஆகவே குஞ்சுக்கு உங்கள் கையைத்தான் பார்த்திருக்கிறோம். அந்தக் கை தவறினால் எங்களுக்கு வேறு வழியில்லை.

நோர்வேக்கு வருகிறேன். அந்த நாட்டில் சால்மனுக்குத் தடுப்பூசி இருக்கிறது, மீன் மருத்துவர்கள் இருக்கிறார்கள், கடுமையான சட்டம் இருக்கிறது. அப்படியிருந்தும் 2023இல் அங்குள்ள கடற்கூடுகளில் 6 கோடிக்கும் அதிகமான சால்மன்கள் செத்தன. கூடுகளில் பெருகும் கடற்பேன் என்னும் ஒட்டுண்ணி, ஆற்றிலிருந்து கடலுக்கு இறங்கும் இயற்கைச் சால்மன் குஞ்சுகளைப் பற்றிக்கொள்கிறது. கூட்டிலிருந்து தப்பும் மீன்கள் ஆற்று மீன்களோடு கலந்து அவற்றின் இனத்தையே பலவீனப்படுத்துகின்றன. 2024 கோடையில் திரும்பி வந்த சால்மன்கள் மிகக் குறைந்துபோக, 33 ஆறுகளில் மீன்பிடியை நிறுத்தவேண்டி வந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கடலில் திறந்த வலைக்கூடுகளில் சால்மன் வளர்ப்பதை 2029க்குள் நிறுத்துவதாகக் கனடிய அரசு 2024இல் அறிவித்தது. இவற்றில் ஒன்றையும் நீங்கள் எங்களுக்குச் சொல்லவில்லை. படத்தைக் காட்டியவர்களுக்கு இதையும் சொல்லும் கடமை இருந்தது.

தீவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சால்மன் மற்ற மீன்களைத் தின்னும் மீன், அதன் தீவனத்துக்காகக் கடலின் சிறுமீன்களை அரைத்து மாவும் எண்ணெயும் எடுக்கிறார்கள். எங்கள் குளத்து மீன் பாசியையும் நுண்ணுயிர்களையும் தின்று வளர்கிறது. அதற்கு ஒரு சதமும் செலவில்லை. அதனால்தான் கடல்மீன் வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் அது கிடைக்கிறது. கூடு வந்தால் தீவன மூட்டைக்குக் கடன் வரும், மீனின் விலை ஏறும், அது கொழும்புக்குப் போகும். தின்னாத தீவனமும் மீனின் கழிவும் குளத்தின் அடியில் படியும். ஆவணி, புரட்டாதியில் நீர் வற்றி, விடியப்புறத்தில் மீன் மூச்சுக்கு மேலே வந்து வாயைத் திறக்கும் குளம் இது. இந்த நீரைத்தான் வயலுக்கும் பாய்ச்சுகிறோம், கிணறுகளும் இதனால்தான் ஊறுகின்றன. கமக்காரர் அமைப்பைக் கேட்டீர்களா?

எங்களை எதற்குத்தான் கேட்டிருக்கிறார்கள்? மீள்குடியேறி வந்த நாளிலிருந்து எங்கள் காட்டையும் குளத்தையும் பற்றிய முடிவுகளை வேறெங்கோ எடுத்து, கையெழுத்துக்கு மட்டும் எங்களிடம் கொண்டுவருகிறார்கள். கூட்டத்தின் முடிவில் நீட்டப்பட்ட படிவம்கூடச் சிங்களத்தில் இருந்தது. வாசிக்க முடியாத தாளில் எங்கள் தலைவர் கையெழுத்திட மறுத்ததை ஒத்துழையாமை என்று குறித்துக்கொண்டீர்கள். அது எங்களைப் புண்படுத்தியது.

கோபத்தில் எழுதியது மிகையென்றால் பொறுத்தருளுங்கள். குளத்துக்கு வரும்போது எங்களோடு தரையில் இருந்து தேநீர் குடிக்கும் உங்கள் கள அலுவலர்கள் சிலரின் உழைப்பை நாங்கள் அறிவோம். கேட்பது பெரிதல்ல. கூட்டில் மீன் வளர்க்கும் திட்டத்தை நிறுத்துங்கள். அந்தப் பணத்தில் மாவட்டத்துக்குள்ளேயே குஞ்சு வளர்க்கும் தொட்டிகளை அமையுங்கள். விரல் நீளத்துக்கு வளர்ந்த, நோயில்லாத குஞ்சுகளை, வான் பாய்ந்து ஓய்ந்த பின், காலை வெயில் ஏறுமுன் கொண்டுவாருங்கள். நாளைச் சங்கத்தோடு பேசிக் குறியுங்கள்.

இந்த மடலுக்கான பதிலைத் தமிழில் அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தைக்கு முன் கிடைத்தால் குஞ்சுக்குப் பணம் சேர்ப்பதா வேண்டாமா என்று உறுப்பினர்களுக்குச் சொல்ல வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
வன்னியிலிருந்து, நன்னீர் மீன்பிடியாளர் சங்க உறுப்பினர் ஒருவர்