பேட்ஜ் எதற்கு என்று கேட்ட பேத்திக்காக

மதுரை

அன்பு நண்பன் சண்முகத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி ரேடியோகிராபி படிப்பில் சேர்ந்துவிட்டாள் என்ற வரியை இரண்டு முறை படித்தேன். முப்பத்து மூன்று ஆண்டுகள் எக்ஸ்ரே அறையிலேயே கழித்த எனக்கு, என் வீட்டுப் பிள்ளை சேர்ந்தது போலவே இருந்தது. கல்லூரியில் கொடுத்த, உடம்பில் படும் கதிரின் அளவைப் பதிவு செய்யும் பேட்ஜைக் காட்டி, "ஆபத்து இல்லையென்றால் இது எதற்குத் தாத்தா?" என்று அவள் கேட்டதற்கு உன்னால் பதில் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருந்தாய். அவள் கேட்டது சரியான கேள்வி. அதற்கான பதில், நமக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவர்களின் கைகளில் இருக்கிறது.

1895 நவம்பரில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ரான்ட்ஜன் என்ற இயற்பியலாளர் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். சில மாதங்களுக்குள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மருத்துவர்கள் படமெடுக்கத் தொடங்கிவிட்டார்கள். கதிரை உண்டாக்கும் அக்காலத்துக் கண்ணாடி டியூபுக்குள் சிறிதளவு வாயு இருந்ததால், அதன் திறன் ஒரு நாள் இருந்தது போல மறுநாள் இராது. ஆகவே, நோயாளியைப் படுக்க வைப்பதற்கு முன், டியூபுக்கும் ஒளிரும் திரைக்கும் இடையே தம் கையையே நீட்டி, எலும்பு எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டார்கள். ஒரு நாளில் எத்தனையோ தடவை அப்படி நீட்டினார்கள். அப்போது சிறு வலிகூட இராது. நெருப்பு சுட்டால் கையை இழுத்துக்கொள்வோம். இதுவோ நாட்கள், சில வேளை வாரங்கள் கழித்துத்தான் தோலில் சிவப்பாகத் தெரியும். அந்தத் தாமதம்தான் அவர்களை ஏமாற்றியது என்பது என் எண்ணம்.

எடிசனின் ஆய்வுக்கூடத்தில் கிளாரன்ஸ் டாலி என்ற கண்ணாடி ஊதும் தொழிலாளி இருந்தார். டியூப்களைச் செய்வதும் சோதிப்பதும் அவர் வேலை. இடக்கை புண்ணானபோது வலக்கையை நீட்டினார். புண் புற்றாக மாறியது. இரண்டு கைகளையும் வெட்டி எடுத்தும் பயனின்றி, 1904இல் 39 வயதில் இறந்துபோனார். அதற்கு முன்பே, தமக்கு எக்ஸ்ரே என்றாலே அச்சமாக இருக்கிறது என்று சொல்லி எடிசன் அந்த ஆய்வைக் கைவிட்டிருந்தார். பெரிய பெயர்களை நினைவில் வைத்திருக்கும் நாம் டாலியை மறந்துவிட்டோமே என்று எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. எலிஹு தாம்சன் என்ற பொறியியலாளர் 1896இலேயே தம் இடக்கைச் சுண்டுவிரலை மட்டும் வேண்டுமென்றே கதிரில் காட்டி, அது வீங்கிக் கொப்புளித்ததை எழுதி வெளியிட்டார். ஆயினும், காரணம் கதிர் அல்ல, டியூபைச் சுற்றியுள்ள மின்சாரமே தோலைச் சுடுகிறது என்று பலர் வாதாடினார்கள். சான்பிரான்சிஸ்கோவில் காயம்பட்ட சிப்பாய்களுக்குப் படமெடுத்துப் புகழ்பெற்ற எலிசபெத் ஃபிளைஷ்மன், தம் கைப்புண்ணுக்குப் படம் கழுவும் டெவலப்பர் மருந்துகளே காரணம் என்று நம்பியிருந்தார். 1905இல் கையை இழந்து, அதே ஆண்டில் உயிரையும் இழந்தார். பாஸ்டன் நகரத்துப் பல் மருத்துவர் வில்லியம் ராலின்ஸ், மின்சாரம் புகாத பெட்டியில் கினிப் பன்றிகளை வைத்துக் கதிரைப் பாய்ச்சி, அவை இறந்ததை 1901இல் அறிவித்தார். டியூபைச் சுற்றி ஈயக் கவசம் வேண்டும் என்று அன்றே அவர் எழுதியதைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை.

இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஹால் எட்வர்ட்ஸ் என்ற எக்ஸ்ரே மருத்துவர் 1908இல் இடக்கையை இழந்தார். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அதே வேலையைச் செய்த மருத்துவர் மிரான் கஸ்ஸாபியன், பின்னால் வருபவர்களுக்குப் பயன்படட்டும் என்று தம் கைகள் சிதைந்துகொண்டே போவதைப் படமெடுத்து வைத்து, 1910இல் இறந்தார். அந்தப் படங்களைப் படிக்கிற காலத்தில் பார்த்த அன்று நான் சாப்பிடவில்லை. இப்படி மறைந்தவர்களுக்காக ஹாம்பர்க் நகர மருத்துவமனை ஒன்றில் 1936இல் நினைவுத்தூண் எழுப்பியபோது, அதில் 169 பெயர்கள் இருந்தன.

ஆகவே அவளிடம் இதைச் சொல்: கதிர் படும்போது உடம்புக்குத் தெரியாது, தெரியும்போது காலம் கடந்திருக்கும். உடம்பு சொல்லாத கணக்கை அந்தப் பேட்ஜ் சொல்கிறது. அதை மார்பில், கதிரைத் தடுக்க அணியும் ஈய ஏப்ரனுக்கு உள்ளே அணிய வேண்டும். அந்த ஏப்ரனை மடித்து வைத்தால் உள்ளே விரிசல் விழும். மாட்டித்தான் வைக்க வேண்டும். விடுமுறைக்கு வந்ததும் அவளை இங்கே அழைத்து வா. மற்றதை நேரில் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
ராஜாராம்