புழு நெருக்கமும் மண்புழு உரமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டெல்டாவில் மண்புழு உரப் பை (சாணமும் கழிவும் நிரப்பிப் புழு வளர்க்கும் பெரிய பை) போட்டவர்கள் பலரும் சொல்லும் குறை: ‘புழு பெருகுது, ஆனா நூலாட்டம் இருக்கு.’ பெரும்பாலும் காரணம் நெருக்கம்தான். ஒரு சதுர மீட்டருக்கு ஒன்றரை முதல் 2 கிலோ புழு போதும். 12 அடிக்கு 4 அடி பையென்றால், அதாவது சுமார் நாலரை சதுர மீட்டருக்கு, 7 முதல் 9 கிலோ. புழுக்களை எண்ணி விடாமல் எடை போட்டு விடுங்கள்.

அளவு மீறினால் தீனிப் போட்டி, கழிவு தேக்கம், காற்றுக் குறைவு எல்லாம் சேர்கின்றன. புழு சாவதில்லை, எடை ஏறாமல் நிற்கிறது. கழுத்துப் பக்கம் மோதிரம் போல் தடித்த பட்டை வந்தால்தான் அது முட்டைக்கூடு இடும். நெருக்கத்தில் அந்தப் பட்டை தாமதமாகிறது, முட்டைக்கூடும் குறைகிறது. மிகக் குறைவாக விட்டாலும் நல்லதில்லை: புழு கொழுக்கும், இணை சேர்வது குறையும், உரம் தாமதமாகும்.

8 கிலோ புழுவுக்கு நாளுக்குச் சுமார் 4 கிலோ தீனி வேண்டும். சாணத்தோடு வைக்கோல், வாழை மட்டை கலந்து, சூடு தணிய 15, 20 நாள் மட்கவைத்தே போட வேண்டும். பச்சைச் சாணத்தின் சூட்டுக்குப் புழு பை விளிம்பேறி ஓடும். அதை நெருக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. மேலே குருணைக் கழிவு மட்டுமே தெரிந்து, கையால் விலக்கினால் புழு பந்தாகச் சுருண்டு கிடந்தால், அதுதான் நெருக்கம். பாதியைப் பிரித்துப் புதுத் தீனியில் விட்டால் எடை மீளும்.

புழு விற்பவர்கள் எடையோடு, அதற்கு வேண்டிய பரப்பையும் எழுதித் தர வேண்டும். வேளாண் அலுவலர்கள் பை வழங்கும்போதே இதைச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
மண்புழு உரம் தயாரிப்போர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.