தூங்க விடுங்கள், இல்லையேல் ஓட விடுங்கள்: வீடியோ ரெக்கார்டர் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை ஹார்டு டிஸ்க்கில் பதிவு செய்யும் வீட்டு வீடியோ ரெக்கார்டர்களைத் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கும், அவற்றை உள்ளிருந்து இயக்கும் நிரலான ஃபர்ம்வேரை எழுதும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் பெட்டிகளின் மெனுவில் எங்கோ ஒரு மூலையில் 'மின்சேமிப்பு' என்று ஒரு வரி இருக்கிறது. ஆன், ஆஃப் என்று இரண்டே தேர்வு. அதை ஆன் செய்தால் உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க் எத்தனை நிமிடத்தில் நிற்கும், எதற்கெல்லாம் மறுபடி எழும் என்பதை மெனுவும் சொல்வதில்லை, கூடவே வரும் கையேடும் சொல்வதில்லை. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

மின்சேமிப்பே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. 3.5 அங்குல டிஸ்க் ஒன்று சும்மா சுழல்வதற்கே 3 முதல் 6 வாட் வரை இழுக்கும். நின்றுவிட்டால் 1 வாட்டுக்குக் கீழே இறங்கிவிடும். ஒரு நாளில் 20 மணி நேரம் யாரும் தொடாத பெட்டியில் 5 வாட் மிச்சம் பிடித்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 36 யூனிட். ஒரு வீட்டுக்கு இது சில்லறைக் கணக்குதான். மொத்தமாகப் பார்த்தால் அப்படியில்லை. அமெரிக்காவின் செட்டாப் பாக்ஸ்கள் 2010-ல் சுமார் 2,700 கோடி யூனிட் மின்சாரத்தைத் தின்றன என்றும், அதில் மூன்றில் இரண்டு பங்கு பெட்டியை யாரும் பயன்படுத்தாத நேரத்தில் போனது என்றும் என்ஆர்டிசி என்ற அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு 2011-ல் கணக்கிட்டது. ஆகவே டிஸ்க் நிற்க வேண்டும் என்பதில் நமக்குள் சண்டை இல்லை. அதை எப்படி நிறுத்துகிறீர்கள் என்பதில்தான் சண்டை.

இரவு தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, அந்த அறையிலேயே சற்று நேரம் உட்கார்ந்து பாருங்கள். பெட்டியின் முகப்பு விளக்கு சிவப்பாகியிருக்கும். கொஞ்ச நேரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். முனகல் மெல்ல இறங்கி அடங்கும். நல்லது, தூங்கப் போய்விட்டது என்று நினைக்கும்போதே மறுபடி 'ர்ர்ர்' என்று ஏறும். நிகழ்ச்சி அட்டவணையைப் புதுப்பிக்கிறதோ, ஏதோ ஒரு பதிவேட்டில் ஒரு வரி எழுதுகிறதோ, வீட்டு நெட்வொர்க்கில் இன்னொரு சாதனம் 'உன்னிடம் என்ன படம் இருக்கிறது' என்று கேட்டதோ, வெளியிலிருந்து தெரியாது. சில நிமிடம் சுழலும், மறுபடி 'டக்'. விடியும்வரை இதே கதை. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை இது. டிஸ்க்கை நிறுத்தும் நிரல் ஒருவர் எழுதியது, எழுப்பும் நிரல் இன்னொருவர் எழுதியது. இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை என்றுதான் தோன்றுகிறது.

டிஸ்க்குக்குள் தகவல் பதியும் தட்டு ஒன்று சுழல்கிறது, அதில் எழுதுவதும் படிப்பதும் 'ஹெட்' என்ற சிறு முனை. டிஸ்க் ஓடும்போது அந்த ஹெட் தட்டைத் தொடுவதில்லை. சுழலும் தட்டு இழுத்துவரும் காற்றின் மேல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தட்டு நின்றால் அந்தக் காற்று இல்லை, ஹெட்டை எங்காவது வைத்தாக வேண்டும். பழைய டிஸ்க்குகளில் தட்டின் உள்விளிம்பில் இதற்கென்றே சொரசொரப்பாக்கிய ஒரு வளையத்தில் இறங்கும். ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் ஓர் உரசல். இப்போது பெரும்பாலானவற்றில் தட்டுக்கு வெளியே ஒரு சரிவுப் பாதையில் ஏறி ஒதுங்கிக்கொள்கிறது. ஆனாலும் அதற்கும் ஓர் எண்ணிக்கை உண்டு. டிஸ்க்கின் தகவல் தாளைப் புரட்டினால் நிறுத்தித் தொடங்குவதற்கு 50,000 தடவை, ஹெட் ஒதுங்கித் திரும்புவதற்கு 3,00,000 அல்லது 6,00,000 தடவை என்பதுபோலப் போட்டிருப்பார்கள். 50,000 பெரிய எண்ணாகத்தான் தெரியும். ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்துப் பாருங்கள், நாளுக்கு 27. மணிக்கு ஒரு முறை எழுந்தாலே கிட்டத்தட்ட அத்தனையும் செலவு. கால் மணிக்கு ஒரு முறை எழுந்தால் ஒன்றரை ஆண்டுகூடத் தாங்காது. அந்த எண்ணைத் தொட்ட மறுநாளே டிஸ்க் செத்துவிடும் என்று பொருளில்லை, தெரியும். அதற்குமேல் தயாரித்தவரே உறுதி சொல்லத் தயாரில்லை என்று பொருள்.

டிஸ்க்கை நிறுத்துவதற்குமுன் காத்திருக்கும் நேரத்தைக் குறைவாக வைக்கச் சொல்லி உங்களைத் தூண்டுவது எது என்பதும் எனக்குப் புரிகிறது. நின்ற டிஸ்க்கைச் சுழலவைக்க 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். அதாவது 25 வாட் அளவில், பத்து நொடிபோல. அந்தச் செலவு, ஒரு நிமிடத்துக்கும் குறைவாக நிறுத்தி வைத்தாலே ஈடாகிவிடும். மின்மானியை மட்டும் பார்த்துக்கொண்டு கணக்குப் போட்டால், இரண்டு நிமிடம் சும்மா இருந்தாலே நிறுத்துவது லாபம். மின்மானி தேய்மானத்தைக் காட்டாது. அந்தக் கணக்கை நீங்கள்தான் தனியாகப் போட்டிருக்க வேண்டும்.

ஹெட்டை ஒதுக்கும் விஷயத்தில் இதே கூத்து ஏற்கெனவே ஊரறிய நடந்ததுதான். வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'கிரீன்' வரிசை டிஸ்க்குகள் 8 நொடி சும்மா இருந்தாலே ஹெட்டை ஒதுக்கிவிட்டன. லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் கருவிகளோ அரை நிமிடத்துக்கொரு முறை ஏதாவது ஒரு துளியை எழுதிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு இரண்டு என்றால் நாளுக்கு 2,880. மூன்று லட்சம் என்ற எல்லை மூன்றரை மாதத்தில் தீர்ந்துவிடும். அந்த 8 நொடியை மாற்றுவதற்கென்றே தனியாக ஒரு சிறு நிரலை மக்கள் தேடித் தேடி எடுத்து ஓட்டினார்கள். உங்கள் ரெக்கார்டர்களிலும் பல லினக்ஸில்தான் ஓடுகின்றன. கணினிக்காரர் அந்த நிரலை ஓட்டித் தப்பித்துக்கொண்டார். ரெக்கார்டர் வாங்கியவர் எதை ஓட்டுவார்?

இத்தனைக்கும் கருவி உங்கள் கையிலேயே இருக்கிறது. டிஸ்க்கின் மின்சேமிப்பு அளவைச் சொல்லும் ஏபிஎம் என்ற ஒரே கட்டளை போதும்: அதை ஏற்கும் டிஸ்க்குகளில் 1 முதல் 127 வரை ஓர் எண்ணைக் கொடுத்தால் நிற்க அனுமதி, 128 முதல் 254 வரை கொடுத்தால் நிற்காது. ஒரு பைட் சமாச்சாரம்.

ஒரு மறுப்பையும் நானே சொல்லிவிடுகிறேன். கூகுள் ஆய்வாளர்கள் 2007-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், அடிக்கடி அணைத்துப் போடுவதற்கும் பழுதுக்கும் உள்ள தொடர்பு புது டிஸ்க்குகளில் கண்டுகொள்ளும்படி இல்லை. மூன்றாண்டு தாண்டியவற்றில்தான் தெரிந்தது. அதுவும் பழுதுபார்க்கக் கழற்றி மாட்டியதன் விளைவாக இருக்கலாம் என்று அவர்களே எச்சரித்தார்கள். ஆனால் அவை சர்வர் டிஸ்க்குகள். நாளெல்லாம் ஓடுபவை, எப்போதோ ஒரு முறை அணைபவை. இரவு முழுக்க எழுந்து எழுந்து படுக்கும் பெட்டிக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. அதே கட்டுரையில் இன்னொரு சேதியும் உண்டு: செத்த டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேல், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் 'ஸ்மார்ட்' கணக்கின் முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே செத்தன. வருமுன் தெரியும் என்று நம்பி உட்கார முடியாது.

இதற்கு நேர்மாறான கோளாறும் உங்களிடம் இருக்கிறது. டிவோ என்ற அமெரிக்க ரெக்கார்டர் 1999-ல் வந்த நாள் முதல், பார்த்துக்கொண்டிருக்கும் நேரலையை நிறுத்தி, பின்னோக்கி ஓட்டும் வசதிக்காக ஓடும் சேனலை இடைவிடாமல் டிஸ்க்கில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. யாராவது பார்க்கும்போது சரி. ஸ்டாண்ட்பையில் போட்ட பிறகும் சில பெட்டிகள் எழுதிக்கொண்டே இருக்கின்றனவே, அது யாருக்காக? கையை வைத்தால் மூடி சுடுகிறது. காற்றாடி இல்லாத சின்னப் பெட்டி, அதுவும் மூடிய அலமாரிக்குள். இதைப் பார்த்துவிட்டு, கரண்ட் பில்லுக்குப் பயந்தவர் சுவரிலேயே சுவிட்சை அணைக்கிறார். டிஸ்க்குக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. மின்சாரம் திடீரென்று போனால், சுழலும் மோட்டாரில் மிஞ்சியிருக்கும் வேகத்திலிருந்தே மின்சாரம் எடுத்து ஹெட்டை அவசரமாக ஒதுக்கவேண்டியிருக்கிறது; பாதி எழுதிய கோப்பு அப்படியே நின்றுபோகும். ஸ்டாண்ட்பை ஒழுங்காக இருந்தால் அவர் ஏன் சுவிட்சுக்குப் போகிறார்?

இனி நான் கேட்பது. நிகழ்ச்சி அட்டவணை, அமைப்புகள், பதிவேடு, சிறுபடங்கள் எல்லாவற்றையும் ஃப்ளாஷ் நினைவகத்துக்கு மாற்றுங்கள். அவை மொத்தமே சில மெகாபைட். அதற்காக ஒரு டெராபைட் டிஸ்க்கை எழுப்புவது அநியாயம். நேரலையை நிறுத்திப் பின்னோக்கி ஓட்டுவதற்காக இடைவிடாமல் எழுதும் அந்தத் தற்காலிகப் பதிவையும் ஃப்ளாஷில் தள்ளிவிடாதீர்கள். நொடிக்கு ஒரு மெகாபைட் என்றால் நாளுக்கு 86 ஜிபி. மலிவான ஃப்ளாஷ் சில்லு அதைத் தாங்காது. அதற்கு ராம் நினைவகம் இருக்கிறது. அரைமணி நேர எச்டி படத்துக்கு 2 ஜிபிக்குள் முடிந்துவிடும்.

டிஸ்க்கைத் தூங்கவைத்தால் அடுத்த பதிவோ, ரிமோட்டின் பொத்தானோ கூப்பிடும்வரை தூங்கட்டும். அடுத்த அரைமணியில் ஒரு பதிவு காத்திருக்கிறது என்றால் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். அட்டவணை உங்களிடம்தானே இருக்கிறது. பதிவு தொடங்கும் நொடியில் எழுப்பாமல் இரண்டு நிமிடம் முன்னதாக எழுப்புங்கள். சுழலத் தயங்கும் டிஸ்க்குக்கு இன்னொரு முயற்சிக்கு நேரம் கிடைக்கும், நிகழ்ச்சியின் முதல் சில நொடிகளும் தப்பிக்கும். யூஎஸ்பியில் மாட்டும் வெளி டிஸ்க்குகளைச் சுற்றியிருக்கும் கூட்டின் மின்சுற்றுக்குள் தனியாக ஒரு தூக்க நேரம் ஒளிந்திருக்கும். அது உங்கள் பேச்சைக் கேட்காது. எந்தக் கூடுகளைச் சோதித்தீர்கள் என்று பட்டியல் போடுங்கள், அது போதும்.

மெனுவில் ஆன், ஆஃபோடு நிற்காமல் நேரத்தைக் கேளுங்கள்: அரைமணி, ஒரு மணி, மூன்று மணி, எப்போதும் வேண்டாம். அதன் பக்கத்திலேயே டிஸ்க்கின் ஸ்மார்ட் கணக்கையும் காட்டுங்கள். 4-ம் எண் எத்தனை முறை நின்று தொடங்கியது என்று சொல்லும், 9-ம் எண் எத்தனை மணி நேரம் ஓடியது என்று சொல்லும், 5-ம் எண்ணும் 197-ம் எண்ணும் தட்டு கெட ஆரம்பித்துவிட்டதா என்று சொல்லும். இன்று இதைப் பார்க்க, பெட்டியின் திருகைக் கழற்றி, உத்தரவாத முத்திரையைக் கிழித்து, டிஸ்க்கை உருவிக் கணினியில் மாட்ட வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. 5-ம் எண் ஏறத் தொடங்கியதும் 'பதிவுகளை வேறு டிஸ்க்குக்கு நகலெடுக்கவும்' என்று திரையில் ஒரு வரி வரட்டும். அப்படி வரும்போது, எடுத்த நகல் அதே பெட்டியில் மட்டும்தான் ஓடும் என்று பூட்டி வைக்காதீர்கள். பெட்டி போனால் பதிவும் போகும் என்றால் நகலெடுக்கச் சொல்வதில் அர்த்தமில்லை. ஒளிபரப்பாளரோடு உங்களுக்குள்ள ஒப்பந்தம் தடுக்கிறதென்றால், எந்தெந்தச் சேனலின் பதிவுக்கு அந்தத் தடை என்பதை வாங்கும் முன்பே அட்டைப்பெட்டியின் மேல் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
இரவில் அந்த 'டக்' சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு வாடிக்கையாளர்