பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிய எல்லோருக்கும்

எங்கள் தெருக்காரர்களுக்கும், பெயர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் நான் விட்டுவிட்டவர்களுக்கும் வணக்கம்.

பாப்பாவுக்கு இப்போது நாலரை வயது. இதை எழுதும்போது வாசலில் கோழிக்குஞ்சைத் துரத்திக்கொண்டிருக்கிறாள். இடது கணுக்காலுக்கு மேலே பாம்பு கடித்த தழும்பு சின்னதாக இரண்டு இருக்கிறது. எண்ணெய் தேய்க்கும்போது என் கை அந்த இடத்தில் நின்றுவிடும். உடனே உங்கள் முகங்கள் ஒவ்வொன்றாக வரும். ஒரு வருடமாக எழுத உட்காருவதும் அழுதுவிட்டு எழுந்துபோவதுமாக இருந்தேன். இன்றைக்கு எழுதி முடித்துவிட வேண்டும்.

போன மாசியில், அறுப்பு முடிந்து வைக்கோல் போர் போட்டு நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. விளக்கு வைக்கிற நேரம். போருக்குப் பின்னாலிருந்து "அம்மா, குத்திடுச்சு" என்று அழுதபடி வந்தாள். முள் என்றுதான் நினைத்தேன். தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். எதிர்வீட்டு ஆயா, அன்றைக்கு நீங்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கவில்லை என்றால் நான் முள்ளைத் தேடிக்கொண்டே இருந்திருப்பேன். "போருக்குள்ள குக்கர் மாதிரி சீறுது, காதுல விழலையா? கண்ணாடி விரியன்டி" என்று கத்தினீர்களே, அந்தக் குரல் இன்னும் கேட்கிறது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் காயத்தைச் சுற்றி வீங்க ஆரம்பித்துவிட்டது.

என் வீட்டுக்காரர் துண்டைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டப் போனார். களையெடுக்க வரும் அக்கா, நீங்கள்தான் அவர் கையைப் பிடித்தீர்கள். "கட்டாதீங்க. எங்க அண்ணனுக்கு இறுக்கிக் கட்டித்தான் கால் போச்சு" என்றீர்கள். விரியன் விஷம் இருக்கிற இடத்துச் சதையையே அழிக்கும் என்பதையும், கட்டுப் போட்டால் விஷம் அங்கேயே தேங்கி இன்னும் கெடுக்கும் என்பதையும் பிறகு மருத்துவமனையில் சொன்னார்கள். நீங்கள் அதைச் சொந்த வீட்டுத் துக்கத்திலிருந்து தெரிந்து வைத்திருந்தீர்கள். "கொலுசைக் கழட்டு முதல்ல" என்று சொன்னதும் நீங்கள்தான். அரை மணி நேரம் கழிந்திருந்தால் அதை வெட்டித்தான் எடுத்திருக்க வேண்டும். பனைமட்டை இரண்டை வைத்து, உங்கள் முந்தானையைக் கிழித்து, கால் அசையாத அளவுக்கு மட்டும் தளர்வாகச் சுற்றிவிட்டீர்கள். அந்தப் புடவைக்கு ஈடாக எதைக் கொடுத்தாலும் வாங்க மறுக்கிறீர்கள்.

மந்திரிக்கக் கூட்டிப் போகலாம் என்று ஒரு பேச்சு எழுந்தது. சொன்னவர் மேல் எனக்குக் கோபமில்லை, பதறிச் சொன்னதுதான். ஆனால் டிராக்டர் அண்ணன் அதற்குக் காதே கொடுக்காமல் பைக்கை எடுத்துவிட்டார். நடுவில் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நான், எனக்குப் பின்னால் என் வீட்டுக்காரர். பள்ளம் வந்த இடத்திலெல்லாம் கால் ஆடாமல் மெதுவாக இறக்கி ஏற்றினார். தார்ச்சாலை முக்கில் 108 வண்டி காத்திருந்தது. அதற்கு போன் செய்தது ஒன்பதாவது படிக்கிற பையன் என்று இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. தம்பி, பெரியவர்கள் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தபோது நீ ஓரமாக நின்று, எந்த முக்கு, எந்தக் கோயில் என்று அடையாளம் சொல்லியிருக்கிறாய். நீ நல்லா இருக்கணும்.

அப்புறம் அரசு மருத்துவமனை. இரவுப் பணியில் இருந்த டாக்டரம்மா பாப்பாவின் இரத்தத்தில் கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் மேசையில் வைத்தார். 20 நிமிடம். அதற்குள் இரத்தம் உறைந்தால் நல்லது, உறையாவிட்டால் விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டது என்று அர்த்தம். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். 20 நிமிடம் கழித்துச் சாய்த்தபோது தண்ணீர் போல ஓடியது.

உடனே விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். முதல் தடவையே 10 குப்பி. "சின்னப் பிள்ளைக்கு இவ்வளவா?" என்று நான் பயந்து கேட்டதும் நர்ஸ் அக்கா சொன்ன பதிலை இப்போது ஊரில் எல்லோரிடமும் சொல்கிறேன்: "குழந்தைன்னு பார்த்துப் பாம்பு விஷத்தைக் குறைச்சா விட்டிருக்கும்?" பெரியவர்களுக்குக் கொடுக்கும் அதே அளவுதான் குழந்தைக்கும். கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழுந்து மூச்சு இழுத்தது. மருந்து ஒத்துக்கொள்ளாமல் அப்படி ஆகலாம் என்று எதிர்பார்த்து, அதற்கான ஊசியைப் பக்கத்திலேயே எடுத்து வைத்திருந்தார்கள். ஆறு மணி நேரம் கழித்து மறுபடி குழாய், மறுபடி மருந்து. மூன்றாவது குழாயில்தான் இரத்தம் உறைந்தது. விரியன் விஷம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்பதால் ஐந்து நாளும் அவள் போன சிறுநீரை அளந்து, நிறம் பார்த்து எழுதினார்கள். இத்தனைக்கும் எங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. பாப்பாவின் பெயரும் அப்படி ஒரு தாளில் ஏறியது. பிழைத்தவர்களின் கணக்கில் ஏறியது என்பதை எழுதும்போதே கை நடுங்குகிறது.

இன்னும் சிலருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள் இல்லை. அந்த மருந்து எதிலிருந்து வருகிறது என்று டாக்டரம்மாவிடம் கேட்டபோதுதான் தெரிந்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்துச் செய்கிறார்கள். அதற்கான விஷத்தை எடுப்பவர்களில் முதன்மையானவர்கள் மாமல்லபுரம் பக்கத்து இருளர்கள். 1978-ல் வடநெம்மேலியில் தங்களுக்கென்று கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தச் செய்தியை அப்போது படித்துவிட்டுக் கடந்து போயிருந்தேன்.

போன மாதம் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வடநெம்மேலிக்குப் போனோம். மண்பானைக்குள்ளிருந்து விரியனை எடுத்து, ரப்பர் கட்டிய கண்ணாடிக் குவளையில் கடிக்க வைத்தார் ஒருவர். மஞ்சளாகச் சில சொட்டு விழுந்தது. என் பிள்ளையைக் கொல்லப் பார்த்ததும் அதுதான், காப்பாற்றியதும் அதுதான். முடிந்ததும் அவரிடம் போய்ப் பாப்பாவின் காலைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். "கண்ணாடியா?" என்று மட்டும் கேட்டார். நான் கையெடுத்துக் கும்பிட்டதும் அவருக்குக் கூச்சமாகிவிட்டது. பாப்பா, "அந்தப் பாம்பை என்ன பண்ணுவீங்க?" என்றாள். "கொஞ்ச நாள் வெச்சிருந்து காட்டுலயே விட்டுடுவோம்மா" என்றார்.

பாப்பா வீடு திரும்பிய வாரத்தில் டவுனுக்கே குடிபோய்விடலாம் என்று முடிவு செய்திருந்தோம். அது உங்களுக்குத் தெரியாது. போக விடாமல் செய்தவர்கள் நீங்கள்தான். நாங்கள் கேட்காமலே போரைக் களத்து மேட்டுக்கு மாற்றிப் போட்டீர்கள். கொல்லைக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லாதது எனக்கு எப்போதும் பயம்தான். கொத்தனார் மாமா இடுப்பளவு கட்டி மேலே வலையும் போட்டுவிட்டு, சிமெண்டுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். நாங்களும் கோழித்தீனியை வாசலில் இறைப்பதில்லை. தீனிக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். இருட்டினால் டார்ச் இல்லாமல் யாரும் இறங்குவதில்லை. தரையில் படுக்காமல் கட்டிலில் கொசுவலையைச் செருகிக்கொண்டு தூங்குகிறோம். பாப்பா இப்போது வைக்கோலில் கை வைக்கும் முன் குச்சியால் தட்டுகிறாள். வேலியோர அரளிக்காயைக் காட்டி, "இது சாப்பிடக் கூடாது" என்று தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். மண்ணில் விளையாடத்தான் செய்கிறாள், அதை நான் தடுக்கவில்லை.

வரும் ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. டாக்டரம்மாவுக்கும் நர்ஸ் அக்காவுக்கும் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். 108 வண்டியில் வந்த அண்ணன்கள் இருவரையும்தான் இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. உங்களுக்கு யாராவது இதைப் படித்துக் காட்டினால், தார்ச்சாலை முக்கில் வந்து நில்லுங்கள். அந்தப் பையனே வந்து கூட்டி வருவான். களையெடுக்கும் அக்கா, நீங்கள் வேலை இருக்கிறது என்று சாக்கு சொல்லக் கூடாது. புடவை வாங்கி வைத்திருக்கிறேன். பாப்பா கையால்தான் கொடுக்கப்போகிறேன், மறுக்க முடியாது.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா