கிளினிக் கொப்பியில் இரண்டு எண்ணையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரஷர் பற்றி உங்கள் சுகாதாரப் பக்கத்தில் வந்ததைப் படித்தேன். மேல் எண்ணைப் பற்றி மட்டும்தான் இருந்தது. எங்கள் தோட்டத்திலும் அப்படித்தான், "எவ்வளவு?" என்று கேட்டால் "நூற்றைம்பது" என்பார்கள், கீழ் எண்ணை யாரும் ஞாபகம் வைப்பதில்லை.

என் அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். குளிசை போட்டும் பிரஷர் 150/90 அளவில்தான் நிற்கும். போன மாதம் வயிற்றோட்டம் வந்து இரண்டு நாள் படுத்துவிட்டார், அப்போதும் குளிசையை விடவில்லை. மருந்தகத்தில் பார்த்தபோது 88/46. கஞ்சி கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். காலையிலிருந்து அவருக்குச் சிறுநீரே போகவில்லை, அதை யாரும் கேட்கவுமில்லை, சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. இரவு மழையோடு மழையாக ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே ஒரு டொக்டர் கொப்பியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். 88இல் 46 போனால் 42, அதில் மூன்றில் ஒரு பங்கு 14, அதைக் கீழ் எண்ணோடு கூட்டினால் 60. இதுதான் சராசரி நாடி அமுக்கம், அதாவது இரத்தக்குழாயில் சராசரியாக இருக்கும் அமுக்கம். ஏன் பாதி இல்லை என்று கேட்டேன். இதயம் சுருங்கும் நேரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் அது தளர்ந்துதான் இருக்கிறதாம், கீழ் எண் அந்தத் தளர்ந்த நேரத்து அமுக்கம், அதனால் அதற்குத்தான் கனம் கூட. மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தம் போய்ச் சேருவது இந்தச் சராசரியின் பலத்தில்தான். 70 முதல் 100 வரை இருந்தால் நல்லது, 65க்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும். அம்மாவுக்கு வழக்கமாக 110, அவ்வளவு அமுக்கத்துக்குப் பல வருடமாகப் பழகிய சிறுநீரகம் 60ஐ எப்படித் தாங்கும்? சேலைன் ஏற்றி மறுநாள்தான் சிறுநீர் போனது. அப்புறம்தான் எங்களுக்கு மூச்சு வந்தது.

சரி, சராசரி மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. 180/60க்கும் 120/90க்கும் சராசரி ஒரே 100தான், ஆனால் முதலாவதில் பெரும்பாலும் இரத்தக்குழாய் விறைத்துப்போயிருக்கும். டெங்கு நோயாளிக்கு 100/85 என்றால் சராசரி 90, பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டுக்கும் இடைவெளி 20 அல்லது அதற்குக் குறைவாக வந்துவிட்டால் ஆபத்து. அதனால்தான் இரண்டு எண்ணும் வேண்டும் என்கிறேன்.

குளிசையை நீங்களாக நிறுத்துங்கள் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. வயிற்றோட்டமோ வாந்தியோ வந்தால் அன்றைய குளிசையைப் போடலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள், சிறுநீர் குறைந்தால் அதையும் சொல்லுங்கள். அந்தக் கணக்கை உங்கள் சுகாதாரப் பக்கத்தில் ஒருமுறை பெரிய எழுத்தில் போட்டால் வெட்டி எங்கள் லயத்துச் சுவரில் ஒட்டிவைப்பேன்.

ஒரு வாசகி,
தலவாக்கலை