ஜெர்மனிக்குச் செவிலியரை அனுப்பும் பயிற்சி நிலையப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஜெர்மன் மொழியின் பி2 நிலைத் தேர்வுக்கு நீங்கள் பிள்ளைகளைத் தயார்செய்யும் விதத்தில் எங்களுக்குக் குறையில்லை. பயணத்துக்கு முந்தைய பண்பாட்டு வகுப்பைப் பற்றித்தான் எழுதுகிறோம். ரொட்டி வகைகள், கிறிஸ்துமஸ் சந்தை, குப்பையைத் தரம் பிரிப்பது என்று கண்ணுக்குத் தெரிபவற்றோடு அது முடிந்துவிடுகிறது. அவையெல்லாம் போய் இறங்கியதும் தானாகப் பழகிவிடும். வார்டில் சிக்கல் வருவது வேறு இடத்தில்.

நம்மூர் மருத்துவமனையில் நோயாளிக்கு உடம்பு துடைப்பதும் ஊட்டுவதும் பெரும்பாலும் கூட இருக்கும் உறவினரின் வேலை. ஜெர்மனியில் அது படித்த செவிலியரின் அன்றாடப் பணி. முன்கூட்டிச் சொல்லாவிட்டால், தம் தகுதியைக் குறைத்துவிட்டார்கள் என்று நம் பிள்ளைகள் நொந்துபோகிறார்கள். அதை ஏற்றுக்கொண்டவர்களுக்கும் அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. பக்கவாதத்தில் வலப்பக்கம் செயலிழந்த முதியவர் இடக்கையால் முகம் கழுவ முடியுமென்றால், அவரேதான் கழுவ வேண்டும். ஈரத்துணியைக் கையில் கொடுத்துவிட்டுப் பொறுமையாக நிற்பதே அங்கே பராமரிப்பு. எட்டாத முதுகையும் காலையும் மட்டும் நாம் துடைக்கலாம். நம் செவிலியரோ பாசத்தில் எல்லாவற்றையும் தாமே செய்துவிடுகிறார். நோயாளிக்கு எஞ்சியிருக்கும் திறன் பழக்கமின்றி மங்குகிறது. சக ஊழியர் அதைப் பிழையாகப் பார்க்கிறார். பெரியவருக்குச் செய்துகொடுப்பது நமக்கு மரியாதை. அவரைத் தாமே செய்யவிடுவது ஜெர்மானியருக்கு மரியாதை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மருந்து விஷயம் இன்னும் ஆபத்தானது. “புரிந்ததா?” என்று மூத்தவர் கேட்டால், இல்லை என்று சொல்லக் கூசி “ஆம்” என்றுவிடுகிறோம். அங்கே ஆம் என்றால் பொறுப்பேற்றாயிற்று. மருத்துவர் எழுதிய அளவில் சந்தேகம் வந்தால் கேட்டே ஆக வேண்டும். கேட்காமல் கொடுத்தால் கொடுத்தவரும் பதில் சொல்ல வேண்டும்.

மூவர் மூவராக ஒத்திகை வையுங்கள்: பணிநேரம் முடிந்து பொறுப்பை ஒப்படைப்பவர், அதை ஏற்கும் புதியவர், கவனிப்பவர். ஒப்படைப்பில் வேண்டுமென்றே ஒரு பிழை இருக்கட்டும், 5 மி.கி. என்பதற்கு 50 மி.கி. புதியவர் மருந்தின் பெயர், அளவு, நேரம் மூன்றையும் திருப்பிச் சொல்லி, பிழையைக் கேட்க வேண்டும். வெறுமனே தலையாட்டினால் கவனிப்பவர் நிறுத்தி, முதலிலிருந்து தொடங்கச் சொல்லட்டும். முதல் சுற்றைத் தமிழில் நடத்துங்கள். அதிலும் தயங்கினால், குறை ஜெர்மன் மொழியறிவில் இல்லை என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும். பிறகு ஜெர்மனில்.

இதை விமானம் ஏறும் வாரத்தில் ஒரே நாளில் திணிக்காதீர்கள். பி2-க்கு முந்தைய பி1 நிலை வகுப்போடு சேர்த்தே தொடங்குங்கள்.

அன்புடன்,
செவிலியருக்கான மொழிப் பயிற்றுநர்கள்