முகப்பை அல்ல, சரிவைக் காட்டுங்கள்

கொடைக்கானல் மலைச்சரிவுகளில் வீடுகளை வடிவமைக்கும் கட்டடக் கலைஞர்களுக்கு,

வணக்கம். ஏரியைச் சுற்றி நடந்தே வளர்ந்தவன் எழுதுகிறேன். ஏரிச்சாலையில் நின்று அண்ணாந்து பார்த்தால் முன்பெல்லாம் மரங்களுக்கு நடுவே ஒரு தகரக் கூரையும் ஒரு புகைபோக்கியும் தெரியும். இன்று படிப்படியாக அறுக்கப்பட்ட சரிவுகளில், கூரை முதல் தரை வரை கண்ணாடியும் சாம்பல் நிறக் கற்பலகைகளுமாக வில்லாக்கள் நிற்கின்றன. சில அழகாகவே இருக்கின்றன, அதை மறுக்கவில்லை. 'ஊரின் பாரம்பரியத்தோடு ஒத்துப்போகும் கல் வீடு' என்று விற்கிறார்களே, அதைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

1845இல் மதுரையிலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிகள் இங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். மலைச்சாலை இல்லாத காலம். அடிவாரத்துக் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பிலிருந்து ஆளும் பொருளும் பெரும்பாலும் கூலியாட்களின் தோளிலும் தலையிலும்தான் மேலே ஏறின. அப்படிப்பட்ட ஊரில் கல் என்பது காலடியில் கிடைத்த பொருள். பழனி மலையின் சார்னோகைட் எனப்படும் கருங்கல்லை உடைத்துக் கொத்தி, கனத்த சுவர் எழுப்பினார்கள். கூரையைச் சுமந்தது அந்தச் சுவர். அவ்வளவு கனத்தை மாடிமேல் மாடியாக ஏற்றுவது எளிதல்ல என்பதால் வீடு தாழ்வாக, அகலமாக அமர்ந்தது. மலையை வெட்டிச் சமன்செய்ய இயந்திரம் இல்லாததால் சமமான மேட்டைத் தேடிப் போய்க் கட்டினார்கள். சுமந்து ஏறியவர்களுக்கு அந்த வீடுகளில் இடமிருக்கவில்லை என்பதை மறக்கவில்லை. அந்தக் காலத்தை நான் போற்றவில்லை. அந்தச் சுவரைப் போற்றுகிறேன்.

இன்றைய வில்லாவைத் தாங்குவது கான்கிரீட் தூண்களும் உத்தரங்களும். கல், வெளியே ஒட்டிய ஓர் அங்குலப் பலகை. பல நேரம் அது இந்த மலையின் கல்கூட இல்லை. வெளிமாநிலத்திலிருந்து லாரியில் வந்தது. ஒட்டுக்கல் குற்றமல்ல. ஆனால் மாதக்கணக்கில் மூடுபனி படியும் ஊரில், பலகைக்குப் பின்னால் புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாவிட்டால் உள்சுவர் பூசணம் பிடிக்கும், பலகை பெயர்ந்து விழும். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என் கவலை சுவரைவிடச் சுவருக்குப் பின்னால் இருக்கும் மலையைப் பற்றியது. இந்த ஏரி தானாக உண்டானதல்ல. சதுப்பு நிலத்தில் ஓடிய ஓடைகளுக்குக் கரை கட்டி, 1863இல் மதுரை ஆட்சியர் வீர் ஹென்றி லெவின்ச் உருவாக்கியது. ஏறக்குறைய 60 ஏக்கர், நட்சத்திரம் போலப் பல கைகள். ஒவ்வொரு கையும் ஒரு பள்ளத்தாக்கு. அதன் இரு பக்கச் சரிவுகளும்தான் ஏரிக்கு நீர் தருகின்றன. சோலைக்காடும் புல்வெளியும் மழையைக் குடித்துவைத்து, வெயில் காலம் வரை சொட்டுச் சொட்டாகக் கீழே விடும். ஜேசிபி அந்தச் சரிவின் அடிப்பகுதியை வெட்டி, மேலே சிமெண்ட் தளமும் கார் நிறுத்துமிடமும் வந்துவிட்டால், ஐப்பசி மழை ஊறாமல் மண்ணை வாரிக்கொண்டு ஒரே மூச்சில் ஏரிக்கு வரும். செப்டிக் டேங்கின் கசிவும் கூடவே வரும். ஏரி நிரம்பி வழியும் நீர்தான் மலைச்சாலையோரம் வெள்ளி அருவியாக விழுகிறது. பஸ்ஸை நிறுத்திப் படம் எடுப்பவர்கள் பார்ப்பது, நீங்கள் கட்டிய சரிவு கழுவி அனுப்பிய நீரையும் சேர்த்துத்தான்.

ஆகவே வாடிக்கையாளரிடம் முதலில் வீட்டின் முகப்பைக் காட்டும் எலிவேஷன் படத்தை நீட்டாதீர்கள். மலையோடு சேர்த்து வீட்டைக் குறுக்கே வெட்டிக் காட்டும் செக்‌ஷன் படத்தை நீட்டுங்கள். எத்தனை அடி வெட்டு, வெட்டிய மண் எங்கே போகிறது, தடுப்புச்சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர் எந்தத் துளை வழியாக வெளியேறி எந்த ஓடையைச் சேர்கிறது என்று அதில் கோடு போட்டுக் காட்டுங்கள். சரிவை வெட்டுவதற்குப் பதில் தூண்களின் உயரத்தைக் கூட்டிக் குறைத்து வீட்டைப் படியிறக்கலாம். வாசலில் சிமெண்டுக்குப் பதில் இடைவெளி விட்டுக் கல் பாவலாம். மழைக்கு மட்டும் ஓடும் ஓடையும் ஓடைதான். அதன்மேல் தயவுசெய்து கட்டாதீர்கள். ஓரிடம் வீடு தாங்காது என்று தெரிந்தால், கட்டணம் போனாலும் அதை வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள், நாங்கள் சொன்னால் கேட்பதில்லை.

மனை பார்க்கப் பலரும் கோடையில் வருகிறார்கள். மண் காய்ந்து, சரிவு உறுதியாகத் தெரியும் காலம் அது. அடுத்த மனையை ஐப்பசியில் வந்து பாருங்கள். நல்ல மழை பெய்யும்போது குடையோடு அங்கே ஒரு மணி நேரம் நின்று, நீர் எந்தப் பக்கமாக இறங்குகிறது என்று கவனியுங்கள். ஆள் துணை வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
கொடைக்கானல்வாசி ஒருவன்